பட்டியலில் ஏறாத உன் எண்

நேற்று உன் வீட்டுக்காரர் உன் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கலவானை டவுனில் ஒரு போன் கடையில் கழுவித் துடைத்து எப்படியோ உயிர் கொடுத்திருக்கிறார்கள். சேற்று வாடை மட்டும் போகவில்லை. "தங்கச்சி, அன்னிக்கி நீங்க அனுப்புன மெசேஜ் இதுல எங்க இருக்குன்னு பாருங்க. மெசேஜ் வந்தும் அவ ஏன் ஒடனே எறங்கி வராம இருந்தான்னு எனக்கு வெளங்கவே மாட்டேங்குது" என்றார். தேடினேன். அப்படி ஒன்று உனக்கு வரவே இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, கணினியைத் திறந்தேன்.

அடியே, நீ மண்சரிவில் போய் ஏழு மாதம். செய்தி வந்தும் சுணங்கிவிட்டாய் என்று தோட்டத்துச் சனமே உன்னைக் குறை சொல்கிறது. நானும் அதைத்தான் நம்பினேன். உன்மேல் கோபம்கூடப் பட்டேன்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த எச்சரிக்கைப் பட்டியல் அது. வரிசை வரிசையான நம் தோட்டத்து வீடுகளில் லயத்துக்கு ஒருவர் பொறுப்பு. மழை அளவு மீறினால் அவருடைய போனுக்குச் செய்தி போகும், அவர் லயத்தையே கிளப்பிக்கொண்டு கோயிலுக்கு இறங்க வேண்டும். வீடுவீடாகப் போய் எண் வாங்கியவள் நீ, கணினி நிரல் எழுதியவள் நான். மேட்டு லயத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் அந்த இடத்துக்கு நீ வந்தாய். அவர் பெயரை அழிக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாய். "வெட்டாதடி. கொழும்புக்குப் போனவங்க பேர நாங்க எப்ப வெட்டியிருக்கோம்? திருவிழாவுக்கு வருவாருல்ல. அவங்க அம்மா கேட்டா மனசு ஒடஞ்சிரும்."

அதனால் அவருடைய பதிவை நகலெடுத்து, நகலில் உன் பெயரையும் எண்ணையும் போட்டேன். சற்று முன்புதான் இரண்டாம் லயத்து அக்காவின் எண்ணைத் திருத்தியிருந்தேன். அது பட்டியலில் இருந்த அதே பதிவு, தொட்டதும் பட்டியலிலும் மாறிவிட்டது. உன்னுடையதும் மாறிவிடும் என்ற நினைப்பில் இருந்துவிட்டேன். நகல் தனியாக நின்றது. அதைப் பட்டியலில் சேர்க்க ஒரே ஒரு வரி போதும். அந்த வரியை நான் எழுதவில்லை. திரையில் நான் காட்டியது அந்த நகலைத்தான். நீ குனிந்து உன் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்துப் பார்த்து, "எல்லாஞ் சரி. இனி மழ வந்தா ஒன்ன நம்பித்தான்டி இருக்கோம்" என்று சிரித்தாய்.

மண் சரிந்த அன்று பகல் இரண்டு மணிக்குச் செய்தி போனது. மேட்டு லயத்துக்கு எதிரேயும் 'அனுப்பப்பட்டது' என்று விழுந்தது. யாருக்கு என்று நான் பார்க்கவில்லை. அது போனது கொழும்புக்குப் போனவருடைய பழைய எண்ணுக்கு. கொழும்பில் அவர் சிம்மை மாற்றி எத்தனையோ நாளாகியிருந்தது. மற்ற லயத்துக்காரர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். உன்னை ஒருமுறை அழைத்திருக்கலாம். வந்துகொண்டிருப்பாய் என்று கோயில் படியில் நின்றேன், பாவி. மேட்டு லயத்தில் நிலம் வெடித்ததைக் கண்டு நீயே கத்தி எல்லோரையும் இறக்கியிருக்கிறாய். கடைசிக் காம்பரா வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கத் திரும்பிப் போனாயாம்.

இன்று காலை, உன் வீட்டுக்காரர் இப்போது இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போனேன். பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப அவளுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதுண்ணே. என் பிழை."

ஏசுவார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஏழு மாசமா அவ படத்துக்கு நான் ஒரு வெளக்குக்கூட ஏத்தல, தங்கச்சி. அவ்வளவு கோவம் எனக்கு" என்றார்.

எழுந்து உள்ளே போய் விளக்கைத் தேடி எடுத்தார். தீக்குச்சியை உரசினார், பற்றவில்லை. இரண்டாவதும் பற்றவில்லை. நான் கை நீட்டினேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு இன்னொரு குச்சியை எடுத்தார். நான் வாசலிலேயே நின்றேன். வீட்டுக்கு வந்து இதை எழுதும்போதும் அந்த வாசலில்தான் நிற்கிறேன், மன்னிப்புக் கேட்டு உன்னிடம் வர எனக்கு வழி தெரியவில்லை.