மேல்பெட்டித் தேன்

என் ஆசை அண்ணைக்கு,

றிச்மண்ட் ஹில்லுக்கு அப்பால் அந்தப் பண்ணையில் நீங்கள் விட்டுப்போன இரண்டு தேனீப் பெட்டிகளில் ஒன்றுதான் மிச்சம். மற்றதைக் கனடாக் குளிர் கொல்லவில்லை. நான்தான் கொன்றேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வருகிற எல்லாருக்கும் உங்கள் தேனில் ஒரு சின்னப் போத்தல் கொடுக்க நினைத்தேன். உங்களுக்காகவா, நாலு பேர் என்னை மெச்சவா? அப்போது ஐப்பசி, பூவெல்லாம் முடிந்துவிட்டது.

"தம்பி, உந்த மேல்பெட்டியில இருக்கிறது அதுகளின்ர மாரிச் சாப்பாடு. இவர் அதில கைவைக்கிறேல்லை," என்றார் அண்ணி.

"பிறகு சீனி வைச்சுச் சமாளிக்கலாம் அண்ணி," என்று சொல்லிவிட்டு, ஒரு பெட்டியின் தேனை ஒட்ட வழித்தேன். மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, "இது அண்ணையின்ர கடைசித் தேன்" என்றபோது சனம் அழுதது. எனக்குள் ஒரு பெருமை வந்தது. அதை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

சீனி வைக்கவில்லை. மிசிசாகாவில் வேலை கூடியது, பிறகு முதல் பனி. பெட்டிகளுக்குக் கறுப்புத் தாள் சுற்றினேன். எலி நுழையாதபடி வாசலைச் சின்னதாக்கினேன். செத்து விழுந்தவற்றைக் கம்பியால் வெளியே இழுத்துவிட்டேன். கண்ணுக்குத் தெரிகிற வேலையெல்லாம் செய்தேன்.

தை மாதம் காதை வைத்துக் கேட்டால், ஒன்றில்தான் இரைச்சல் இருந்தது. கொஞ்சம் வெயில் வந்த நாளில் மற்றதைத் திறந்தேன். ஒரு கைப்பிடியளவு தேனீக்கள் வெறும் அறைகளுக்குள் தலையை விட்டபடியே செத்திருந்தன. ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று தேடிய கோலம். நடுவில் ராணி.

அண்ணிக்குப் போனில் கோல் எடுத்து, "குளிர் அண்ணி. இந்த முறை கனபேருக்கு இப்பிடித்தானாம்," என்றேன்.

"நீங்கள் என்ன செய்வியள் தம்பி? உந்தக் குளிருக்குள்ளயும் போய்ப் பாத்தனீங்கள். அவர் இருந்தாலும் வேற என்ன செய்திருப்பார்?"

நான் "ஓம்" என்றேன். எப்படி எனக்கு வாய் வந்தது, அண்ணை?

உயிரோடிருந்த பெட்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன். பாரமே இல்லை, அதிலும் தேன் தீர்ந்துகொண்டிருந்தது. அன்றே உள்ளே பேப்பர் விரித்துச் சீனி கொட்டினேன். அதன் பிறகு ஒரு கிழமையும் தவறவில்லை.

பங்குனியில், பனி உருகத் தொடங்கிய ஒரு மத்தியானம், அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் நாலைந்து வாசலுக்கு வந்தன, பிறகு கூட்டமாக. மாரி முழுக்க அடக்கி வைத்திருந்த கழிவைப் பனியில் மஞ்சள் பொட்டுகளாகப் போட்டுவிட்டுத் திரும்பின. ஒன்று அண்ணியின் கோட்டில் வந்து குந்தியது. நீங்கள் போனபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "உங்கட கையால ஒண்டாவது தப்பிச்சுதே," என்றார்.

அதைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கோட்டில் இருந்த தேனீயை மெல்லப் பறக்கவிட்டார். "தேனை எடுத்தது பிழைதான். பிழை விடாத ஆக்கள் ஆர்? ஆனா நான் ஆறுதல் சொல்லச் சொல்ல, நீங்கள் கேட்டுக்கொண்டு இருந்தனீங்களே தம்பி," என்றார். போய்க் காருக்குள் ஏறிவிட்டார். வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அடித்துச் சாத்தியிருக்கலாம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, நேற்றுத்தான் கோல் எடுத்தார்.

"தேனீ எப்பிடி?"

"நல்லா இருக்குதுகள் அண்ணி. காலில மகரந்தத்தோட வருகுதுகள்."

"சனிக்கிழமை நானும் வாறன். நானே பாக்கிறன்."

என் சொல்லை நம்பாத அந்த 'நானே' எனக்கு வேண்டியதுதான்.

அண்ணை, வருசம் முடிய உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு வருகிற சனம் தேன் கேட்கும். இல்லை என்பேன். ஏன் இல்லை என்பதையும் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று நானே சொல்வேன். அண்ணி பக்கத்தில் இருக்கும்போதே சொல்வேன்.

உங்களுக்கு அடுத்துப் பிறந்த,
தம்பி