கீழ்வீட்டுக் கட்டில் வரை போன சத்தம்

திலகா,

மைன்ஸ் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கீழ்வீட்டு சாதிக் அலியை அழைத்துவர சென்னை விமான நிலையத்துக்குப் போகிறேன். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அவன் அத்தா பீர் முகமது பாயை அடக்கம் செய்கிறார்கள். அவன் அம்மா சித்தீகா அக்கா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. இட்லி எடுத்துக்கொண்டு கீழே போ. சாவி ஜன்னலில்.

நேற்று சாயங்காலம் பாட்டுக்குச் சப்வூஃபர் ஸ்பீக்கரை மாட்டியபோது, "கீழ முடியாத மனுஷன் கிடக்கிறார், நிறுத்துங்க" என்றாய். "நமக்கே மெதுவாத்தானே கேக்குது" என்று எரிந்து விழுந்தேன். தப்பு என்னுடையது. கீச்சுச் சத்தத்தைச் சுவர் பெரும்பாலும் தடுத்துவிடும். தாழ்ந்த சத்தம் தரை, சுவர், கட்டில் என்று இறங்கிப் போய்விடும். காதுக்குக் கொஞ்சமாகத்தான் தெரியும். கை வைத்தால் நன்றாகத் தெரியும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். அந்த மூலைக்கு நேர் கீழேதான் பீர் முகமது பாயின் இரும்புக் கட்டில்.

உயிர் ஆறு மணிக்கே போயிருக்கும் என்றார் டாக்டர். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "ஆறரைக்குப் புள்ள பேசுனான். போனை அவரு காதுல வெச்சேன். நெஞ்சுல கை வெச்சிகினு இருந்தேன், திக்கு திக்குன்னு அடிச்சிகினு இருந்துச்சு. ஏழு மணிக்குத்தான் நின்னுச்சு."

ஏழு மணிக்குத்தான் நான் சப்வூஃபரை அணைத்தேன். அக்காவின் கைக்குத் தெரிந்தது நம் பாட்டின் தாளம்.

இதை அக்காவிடம் சொல்லிவிடாதே.

வயரைக் கழற்றிவிட்டேன். மாட்டாதே.

"நான் பேசுனதை அத்தா கேட்டாரா மாமா?" என்று சாதிக் போனிலேயே கேட்டான். காரில் மறுபடியும் கேட்பான். கேட்டார் என்று சொல்லப்போகிறேன்.