உள்ளே இருப்பதை யார் பார்ப்பார்கள்

என் மகளின் அப்பாவுக்கு,

கார் வேண்டும் என்று வக்கீல் மூலம் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மோதி நசுங்கிய முன்பக்கத்தைச் சரிசெய்தாயிற்று. நீங்கள் ஆசை ஆசையாக மாட்டிய அலாய் வீல் நான்கையும் நானே துடைத்து வைத்திருக்கிறேன். முகம் பார்த்துத் தலை வாரலாம்.

மெக்கானிக்தான் விடவில்லை. "அக்கா, இப்பவாவது ஒசத்தி பிரேக் பேட் போட்டுடலாம். மலை இறக்கத்துல சூடேறினா சாதாரண பேட் பிடிக்காதுன்னு அன்னைக்கே சார்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

அன்று நீங்கள் வீலைத் தடவிக்கொண்டே சொன்னதைத்தான் நானும் சொன்னேன்: "உள்ள இருக்கறதை யாரு பார்க்கப் போறாங்க?"

அதே சாதாரண பேடைத்தான் புதிதாக மாட்டச் சொன்னேன். உங்கள் தேர்வில் கைவைக்க நான் யார்?

ஒசத்தி பேட் என் ஓட்டைக் காருக்குப் போனது. பாப்பாவை அதில்தான் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறேன்.

லீவுக்கு அவளை மறுபடி மலைக்குக் கூட்டிப் போக வேண்டுமாமே. அனுப்புகிறேன். அவள் பஸ்ஸில் வருவாள். ஊன்றுகோல் வைக்க இடமுள்ள சீட்டாகப் பிடித்துவிட்டேன்.

நீங்கள் காரிலேயே வாருங்கள், தனியாக. இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் என் ஞாபகம் வரட்டும்.

இப்படிக்கு,
அன்று முன் சீட்டில் இருந்தவளின் அம்மா