பெயரை எடுக்கக் கூடாது

பிரிக்பீல்ட்ஸ்,
4.3.1996

அன்புள்ள மஜீதா,

நான் சுகமாக இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நேற்று கார்த்திகேசு வீட்டுக் கல்யாணத்தில் சீதாலெட்சுமி ஆன்டி எல்லார் காதிலும் விழும்படி, "மஜீதா செஞ்ச தமிழ் சாப்ட்வேர்ல நானே கார்டு அடிச்சேன். ரொம்ப ஈசி லா!" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க அந்தச் சாப்ட்வேரை ஆபீஸ் விட்டு வந்து மூன்று வருஷம் கண் எரிய எழுதியவள் நான். 'கொ' அடிக்க முதலில் கொம்பைத் தேட வேண்டாம், அது தானே வந்து உட்காரும் என்று நீ ஒன்றே ஒன்றை மாற்றினாய். பெயரெல்லாம் உனக்கு.

வயிறு எரிகிறது மஜீதா. பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? வக்கீல் வல்லிபுரம் மாமாவிடம் கேட்டேன். பதிப்புரிமை எழுதியவளுக்குத்தான் என்கிறார். நான் கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உன் டிஸ்க்கை இனி யாருக்கும் கொடுக்காதே.

சிவமலர்


கிள்ளான்,
9.3.1996

என் மலருக்கு,

எங்கள் அச்சகத்தில் ஆள் இருந்ததால் உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழக்கூட முடியவில்லை.

டிஸ்க்கோடு நீயே அடித்துக் கொடுத்த தாள் என் மேசையில் இருக்கிறது. "யாரும் மாற்றலாம், யாருக்கும் கொடுக்கலாம். மூல நிரலையும் (சோர்ஸ் கோடு) சேர்த்தே கொடுக்க வேண்டும். எழுதியவர் பெயரை எடுக்கக் கூடாது." இதை மாமாவிடம் காட்டினாயா?

நான் உன் பெயரை எடுக்கவில்லை. திறந்ததும் மேலே பெரிய எழுத்தில் நீ, அடியில் நான். நான் நல்ல பெயர் எடுத்ததுதான் குற்றம் என்றால், அதற்கு உன் தாளில் தடை இல்லையே!

கொம்பு மாற்றத்தை நீயும் எடுத்துக்கொள். என் பெயரைச் சேர்த்தால் போதும். டிஸ்க் அனுப்பியிருக்கிறேன். பெருநாளுக்கும் நீ வரவில்லை. அடுத்த ஞாயிறு வா.

உன் மஜீதா


பிரிக்பீல்ட்ஸ்,
16.3.1996

மஜீதா,

மாமாவிடம் தாளைக் காட்டவில்லை. காட்டினால் உன் பக்கம் பேசுவார் என்று தெரியும்.

உன் டிஸ்க்கை இன்றுதான் முதல்முறையாகத் திறந்தேன். என் பெயரை நீ எடுத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் திறந்தேன். எடுத்திருந்தால் மனம் நிறையச் சண்டை போட்டிருப்பேன். நீ சொன்னபடியே மேலே, பெரிதாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

'கொடு' என்று அடித்துப் பார்த்தேன். கொம்பு ஓடி வந்து தன் இடத்தில் நின்றது. மூன்று வருஷத்தில் எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

நாளை வரமாட்டேன். வந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன். கொஞ்சம் ஆறட்டும்.

கொம்பை என் டிஸ்க்கில் சேர்த்துவிட்டேன். உன் பெயரையும் போட்டேன், கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவு சின்ன எழுத்தில். எழுத்தின் அளவைப் பற்றித் தாளில் ஒன்றும் இல்லை.

மலர்