ஐந்து முதியவர்கள் அமர்ந்திருந்தனர்

மார்ச் 4, செவ்வாய்

என் முக்கால் அங்குல உளியால் வாத்தியார் பெயின்ட் டப்பாவைத் திறந்திருக்கிறார். உளி எதற்கு, திருப்புளி எதற்கு என்று ஒரு கணக்கு வாத்தியாருக்குச் சொல்லித்தர வேண்டுமா? கேட்டால், "திறந்துச்சுல்ல?" என்கிறார். முனையில் அரிசி அளவுக்கு ஒரு பிளவு. அதைத் தீட்டிச் சரிசெய்ய எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

பட்டறை தொடங்கி எட்டு மாதம். நூலகத்துக்குப் பின்னால் பாம்பும் பல்லியும் குடியிருந்த பழைய பம்ப் அறையை நகராட்சியிடம் கேட்டு வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற ஆண்கள் வீட்டில் கிடந்து மனைவிமாரின் உயிரை எடுக்காமல், கைவேலை செய்ய ஓர் இடம். ஐந்து பேர் சேர்ந்தோம்: வாத்தியார், தையல்காரர், காது மந்தமான வெல்டர், பஸ் ஓட்டுநர், நான். தெருவில் இதற்குக் 'கிழவர் கொட்டகை' என்று பெயராம். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் வீட்டு ஆடுகிற நாற்காலி எல்லாம் இங்கேதானே வருகிறது.

மார்ச் 7, வெள்ளி

நகராட்சியிலிருந்து கடிதம். அறை 'உரிய பயன்பாட்டில்' உள்ளதா என்று 18ஆம் தேதி ஆய்வாளர் ஒருவர் வந்து பார்ப்பாராம். இல்லையென்றால் பழைய கோப்புகளைப் போட்டுவைக்க எடுத்துக்கொள்வார்களாம்.

கோப்புகள்! கரையான் தின்னுவதற்கு எங்கள் இடமா?

ஆய்வு என்றால் என்ன என்று இவர்கள் எனக்குக் காட்ட வேண்டியதில்லை. தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகன் நான். வரட்டும்.

மார்ச் 10, திங்கள்

வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு கருவியும் தொங்கவேண்டிய இடத்தில் அதன் உருவத்தைக் கறுப்பு வண்ணத்தில் வரைவது வாத்தியார் பொறுப்பு. கருவிகளுக்குத் துரு எடுத்து எண்ணெய் போடுவது வெல்டர். மேசையின் மேல்பரப்பை இழைத்து வார்னிஷ் அடிப்பது நான். எட்டு மாதப் பசை, வெட்டுக்காயம், டீ வட்டம் எல்லாம் போய், பார்க்கவே கண் குளிர்ந்தது.

ஓட்டுநர் மட்டும் முரண்டு பிடித்தார். நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் பன்னிரண்டு நாற்காலி அவர் கையில் இருக்கிறது. ஏழு முடிந்து நூலகத்துக்குப் போய்விட்டது, மீதி ஐந்தும் காலும் கையும் தனித்தனியாகக் கிடக்கின்றன. அதையெல்லாம் வாத்தியார் வீட்டுக் கார் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோய்த் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன்.

"இருக்கிறது இருக்கிறபடியே காட்டலாமே. பஸ்ஸைக் கழுவித் துடைச்சு டிப்போல நிறுத்தினா, ஓடாத வண்டினுதான் நெனப்பான்."

"உங்களுக்கு ஸ்டியரிங்தான் தெரியும். ஆய்வு எனக்குத் தெரியும்" என்றேன்.

எல்லார் முன்னாலும்தான் சொன்னேன். அவர் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

மார்ச் 17, திங்கள்

தரையில் ஒரு மரச்சுருள் கிடையாது. நாளைக்கு இஸ்திரி போட்ட சட்டை எல்லாரும். டீ கிடையாது.

மார்ச் 18, செவ்வாய்

அமோகம்.

ஆய்வாளர் சின்னப் பையன், என் மகனைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார், அவ்வளவு சுத்தம். நாங்கள் ஐவரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மேசையில் விரலை ஓட்டிப் பார்த்தார். தூசு வரவில்லை. ரம்பத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அதன் நிழலுக்குள் சரியாக மாட்டினார்.

"பாதி செஞ்ச வேலை எதாவது இருக்குங்களா?" என்று கேட்டார்.

"இங்க எதையும் பாதியில விடற வழக்கமே கிடையாது சார்!" என்றேன்.

ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். ஆறு நிமிடத்தில் ஆய்வு முடிந்தது. என் காலத்தில் நல்ல சரக்குக்கு நானும் அவ்வளவு நேரம்தான் எடுப்பேன்.

மார்ச் 28, வெள்ளி

அறிக்கை வந்துவிட்டது. அப்படியே எழுதிவைக்கிறேன், நாளைக்கு யாரும் நான் கதை கட்டியதாகச் சொல்லக்கூடாது:

"அறை மிகத் தூய்மையாகப் பராமரிக்கப்பட்டுள்ளது. கருவிகளில் பயன்படுத்திய அடையாளம் எதுவும் காணப்படவில்லை. பணி எதுவும் நடைபெறவில்லை. ஐந்து முதியவர்கள் அமர்ந்திருந்தனர். அறை பயன்பாட்டில் இல்லை."

ஏப்ரல் முப்பதுக்குள் காலிசெய்ய வேண்டுமாம்.

பயன்பாட்டில் இல்லையா? என் கையைப் பார்த்தானா அவன்? வெல்டரின் கட்டைவிரல் நகம் போன வாரம்தான் விழுந்தது, அதைப் பார்த்தானா? எட்டு மாசமா இந்தத் தெருவோட ஓட்டை உடைசல் எல்லாம் எவன் பார்த்தான், அவங்க தாத்தாவா? கண்ணு முகத்திலதானே இருக்கு? அமர்ந்திருந்தனராம்! அமராம தலைகீழா நிக்கணுமா?

நான்கு தடவை படித்தேன். ஐந்தாம் தடவை படிக்கும்போது மனைவி வந்து காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். படித்தாள். சிரித்துவிட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மார்ச் 29, சனி

பட்டறையில் சண்டை. "சுத்தம் பண்ணச் சொன்னது யாரு?" என்று தையல்காரர் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார். வாத்தியார் ஜன்னலைப் பார்த்தார். வெல்டருக்கு எது கேட்கிறதோ இல்லையோ, இது கேட்டது.

அவன் ஒழுங்காகப் பார்க்காததற்கு நான் என்ன செய்வேன் என்று கத்தினேன். ஆய்வு செய்ய வந்தவன் கேள்வி கேட்க வேண்டாமா?

"கேட்டாரே. பாதி வேலை இருக்கான்னு கேட்டாரே" என்றார் ஓட்டுநர்.

அவ்வளவுதான் பேசினார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்று இவர்கள் நினைக்கிறார்கள். நினைக்கட்டும். நல்லது செய்யப் போனவனுக்குத்தான் எப்போதும் இந்தப் பெயர்.

மார்ச் 31, திங்கள்

ஓட்டுநர் வரவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

வரவில்லை. கோபித்துக்கொள்ள இவர் என்ன சின்னப் பிள்ளையா? எழுபத்திரண்டு வயது.

ஏப்ரல் 3, வியாழன்

போனேன். எனக்கென்ன வந்தது என்று இருந்திருக்கலாம். ஆனால் நூலகத்தில் நாற்காலி என்னாயிற்று என்று கேட்டுவிட்டார்கள். அதனால்தான் ஓட்டுநர் வீட்டுக்குப் போனேன்.

பகல் பதினொரு மணி. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். அவர் மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. கொடியில் இன்னும் அந்த அம்மாவின் துண்டு ஒன்று கிடக்கிறது. பட்டறைக்கு வருவதற்கு முன்னால் இவர் ஒன்றேகால் வருடம் இப்படித்தான் இருந்தார் என்று அவர் மகள் முன்பு ஒருமுறை சொன்னாள். நான்தான் சரியாகக் காது கொடுக்கவில்லை. அன்றைக்கு ஏதோ இழைத்துக்கொண்டிருந்தேன்.

"சட்டையப் போடுங்க. அஞ்சு நாற்காலி பாக்கி கெடக்கு" என்றேன், அதட்டலாகத்தான்.

"எதுக்கு? எப்படியும் மாசக் கடைசியில பூட்டிடுவாங்க. இப்பவே பழகிக்கிறேன்."

நின்றேன். டிவியில் யாரோ சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். வந்துவிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"மன்னிப்புன்னு ஒண்ணு இருக்குங்க. உங்க ஃபேக்டரில அதுக்கு முத்திரை வச்சிருக்கலயோ?"

இந்த வீட்டிலும் எனக்கு ஆதரவு கிடையாது.

ஏப்ரல் 8, செவ்வாய்

நகராட்சி அலுவலகம். இரண்டு மணி நேரம் மரப் பெஞ்சு. அதன் ஒரு கால் ஆடுகிறது. ஒரு ஆப்பு வைத்தால் தீரும், யாருக்கும் தோன்றவில்லை. இவர்கள்தான் எங்களை வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

அந்தப் பையனின் மேலதிகாரி ஓர் அம்மாள். பையனையும் கூப்பிட்டார். மனப்பாடம் செய்துகொண்டு போன பத்து நிமிடப் பேச்சில் மூன்றாவது நிமிடத்தில் அவன் குறுக்கிட்டான்.

"ஐயா, நான் பாத்ததத்தான் எழுதினேன்."

அந்த வாக்கியம் என்னுடையது. முப்பத்தொரு வருடம், கைகட்டி நின்ற ஒவ்வொரு தொழிலாளியிடமும் அச்சுப் பிசகாமல் அதைத்தான் சொன்னேன். 'பார்த்ததைத்தான் எழுதினேன்.' அவர்கள் சிவப்பு முத்திரை விழுந்த சாமானை எடுத்துக்கொண்டு பேசாமல் போவார்கள். போகும்போது என்னை என்ன திட்டியிருப்பார்கள் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நானே அதையெல்லாம் பத்து நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறேனே.

"சுத்தம் பண்ணச் சொன்னது நான்தாங்க. பாதி வேலையை ஒளிச்சு வச்சதும் நான்தான்" என்றேன்.

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் ஒளிச்சீங்க?"

"அசிங்கமா இருக்குமேன்னு."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். இன்னொரு முறை ஆள் அனுப்புவார்களாம். எந்த நாள் என்று சொல்ல மாட்டார்களாம். அதுவரை எதையும் மாற்றக்கூடாதாம் — "முக்கியமா, பெருக்காதீங்க."

ஏப்ரல் 9, புதன்

நாற்காலித் துண்டுகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ஆனால் அவற்றைத் தொட யாருக்கும் மனமில்லை. அது அவருடைய வேலை.

ஏப்ரல் 14, திங்கள்

மரத்தூள் கணுக்கால் வரைக்கும். கருவி ஒன்றுகூட அதன் நிழலில் இல்லை. சுத்தியல் வரைந்த இடத்தில் தையல்காரரின் குடை தொங்குகிறது. மூலைமட்டம் எங்கே என்று நாற்பது நிமிடம் தேடினேன், அதன்மேல் வெல்டர் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்தால், "அந்த ஆபீசர் அம்மா சொன்னது ஞாபகம் இருக்கில்ல?" என்கிறார்கள், மூவரும் ஒரே குரலில். இதுக்குப் பூட்டியே தொலைக்கலாம்!

இல்லை. அப்படி எழுதியிருக்கக் கூடாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று ஓட்டுநர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். சட்டையைப் போடுங்க, நாற்காலி பாக்கி என்று எதுவும் தொடங்கவில்லை. வாசலில் நின்றே சொன்னேன்:

"நீங்க சொன்னது சரி. நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாலயும் பேசினது அதவிடத் தப்பு."

இவ்வளவுதான். மூன்று வாக்கியம். மூன்று மூட்டை தூக்கினவன் மாதிரி மூச்சு வாங்கியது.

ஓட்டுநர் டிவியை அணைத்தார். "இதச் சொல்ல இத்தன நாளா?"

"மாசக் கடைசிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. பூட்டினா பூட்டட்டும். அதுவரைக்குமாவது வாங்க."

அவர் எழுந்து சட்டையைத் தேடினார். பிறகு கண்ணாடியை. பிறகு செருப்பில் ஒன்றை. முக்கால் மணி நேரம். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாள் சாதனை அது.

பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தால் — ஆய்வாளர் வந்துவிட்டுப் போயிருக்கிறார்!

நான் இல்லாத நேரத்தில்! யார் பேசினீர்கள், என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், யாருமே பேசவில்லை. ஓர் அலமாரிக் கதவு ஏன் மூட மாட்டேன் என்கிறது என்பதில் வாத்தியாருக்கும் தையல்காரருக்கும் சண்டையாம். கீலில் தப்பு என்று இவர், அளவில் தப்பு என்று அவர். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்ற கதைதான். அதே பையன் உள்ளே வந்து "வணக்கம்" சொல்லியிருக்கிறான். தையல்காரர் வாயில் ஆணிகளைக் கடித்துக்கொண்டு, ஏதோ ரிப்பேருக்கு வந்த ஆள் என்று நினைத்து, "தம்பி, அந்த முனையப் பிடி" என்று கதவை அவன் கையில் கொடுத்திருக்கிறார். அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றானாம். ஆய்வாளர்! முழுக்கைச் சட்டையில் பசை வேறு. வெல்டர் அவனைப் பார்த்து, "காலை நகத்தி வை, ஆணி தேடணும்" என்றாராம்.

உட்காரச் சொல்லவில்லை. ஒரு டீ இல்லை. அடையாளம்கூடத் தெரியவில்லை, நால்வரில் — இல்லை, மூவரில் ஒருத்தருக்கும். போச்சு. எல்லாம் போச்சு.

"கத்தி முடிச்சாச்சா? எனக்கு நாலாம் நம்பர் உப்புத்தாள் எங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் ஓட்டுநர்.

எப்படிச் சொல்வேன்? எது எங்கே இருக்கிறது இந்தக் குப்பையில்?

ஏப்ரல் 28, திங்கள்

எட்டாவது நாற்காலி முடிந்தது. கடிதம் இல்லை.

ஏப்ரல் 30, புதன்

மூன்று மணிக்குக் கடிதம். யார் பிரிப்பது என்பதில் தகராறு, கடைசியில் வெல்டர் பிரித்தார். உரக்கப் படித்தார், அவருக்கு எல்லாமே உரக்கத்தான்.

"அறை முழுமையான பயன்பாட்டில் உள்ளது. ஆய்வாளரிடம் பேச உறுப்பினர் எவருக்கும் நேரமில்லை. ஓராண்டுக்கு அனுமதி நீட்டிக்கப்படுகிறது."

ஓராண்டுதானாம்! அரைமணி நேரம் கதவைப் பிடித்தவனுக்கு இரண்டாண்டு என்று எழுதக் கை வராதா? நாளைக்கே ஆட்சேபக் கடிதம் எழுதப் போகிறேன் என்றேன். நால்வரும் சேர்ந்து என் பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு ஓட்டுநர் கொஞ்சம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. மரத்தூள் என்றார். இருக்கலாம், அவ்வளவு தூள் கிடக்கிறது.

மே 6, செவ்வாய்

ஓட்டுநர் இன்று என்னிடம் சாவி கேட்டார். நான் ஒன்பதுக்குத்தான் வருகிறேனாம், அவருக்கு ஏழுக்கே வேலை தொடங்க வேண்டுமாம், அதுவரை வீட்டில் சும்மா உட்கார முடியாதாம்.

"பட்டறைக்கு ஒரே சாவிதான். அது விதி" என்றேன்.

"விதிய யாரு போட்டது?"

"நான்தான்."

அவர் கையை நீட்டினார். நீட்டிக்கொண்டே நின்றார்.

இதில் எனக்குத் துளியும் சம்மதம் இல்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். கடைத்தெருவில் பத்து நிமிடத்தில் மறுசாவி வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். விளிம்பு சரியாகத் தேய்க்கவில்லை. நானே உட்கார்ந்து தேய்த்து, அவர் கையில் குத்தாது என்று தெரிந்த பிறகு கொடுத்தேன்.