பூந்தொட்டி மண்

கே.கே. நகர், மதுரை
வியாழக்கிழமை

தம்பி அழகுபாண்டிக்கு,

அண்ணன் மருது எழுதுவது. நீயும் சுபலட்சுமியும் குழந்தைகளும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் ஊரே வாசிக்கும். அதனால் இந்த மெயில்.

அப்பா இன்னும் சாகவில்லை. இரண்டு நாள்தான் என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வாயில் பால் ஊற்றியாகிவிட்டது. மேலூர்க்காரர்கள் இரண்டு தடவை வேன் பிடித்து வந்து, இரண்டு தடவையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

பால் ஊற்றும்போதெல்லாம் அவர் "அழகு, அழகு" என்றார். மூன்று வருஷமாக மூத்திரத்துணி அலசுகிறவன் நான். அதற்காகக் கல்லூரி வேலையை விட்டவனும் நான். கூப்பிட்டது உன்னை. தெரிந்துகொள்.

மண்ணாசைதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது, வயல் மண்ணைக் கரைத்துக் கொடு, நிம்மதியாகப் போய்விடுவார் என்றார் சின்னத்தாய் அத்தை. நீ வெளிநாடு போக விற்ற மேலூர் வயல் இன்று தண்ணீர் நிற்கும் கல்குவாரிப் பள்ளம். அங்கே எந்த மண்ணை அள்ளுவது? அத்தைக்குத் தெரியாமல் மாடிப் பூந்தொட்டியில் ஒரு பிடி எடுத்துக் கரைத்தேன்.

நாக்கில் பட்டதும் அப்பா துப்பினார். கண்ணைத் திறந்து, ஏன்டா மருது, இது தொட்டி மண்ணுல்ல, உரம் நாறுது, மேலூர் வரைக்கும் போக உனக்குக் கால் வலிக்குதோ என்று கேட்டார். அவர் வாயில் என் பெயர் வந்து எத்தனை நாள் ஆகிறது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் கண் விழித்ததும், விடிஞ்சிருச்சா என்றார். ஆமாம் என்றேன். எமனும் வரமாட்டேங்குறான், சும்மாவும் கெடக்க முடியல, சவரமாவது பண்ணிவிடு என்றார். அன்றிலிருந்து தினமும் ஆறரைக்குச் சவரம். கன்னத்தைத் தடவிப் பார்த்து, வாத்தியாருக்கு இம்புட்டுத்தான் கண்ணு தெரியுமா என்று திட்டுகிறார். நாளைக்கு மீசையை எப்படிக் கத்தரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் தூங்குகிறார்.

பத்தொன்பதாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருப்பதாகக் குழுவில் எழுதியிருக்கிறாய். உன் முகத்தைப் பார்த்த மறுநிமிஷம் போய்விடுவார் என்கிறார் அத்தை. பந்தலுக்கே சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் தத்துவம் படித்தவன், இதையெல்லாம் நம்பக்கூடாது.

உன்மேல் உள்ள கோபம் எதுவும் எனக்குக் குறையவில்லை. ஆனாலும் கும்பிட்டுக் கேட்டதாகவே எடுத்துக்கொள். டிக்கெட்டைத் தள்ளிப்போடு. தை வரைக்குமாவது.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். நீயும் நன்றாக இரு. அங்கேயே இரு.

மருது