அன்று காலை என் பெயரில் நீ கிளப்பிய மெஷின்

என் அன்பு மைனி பேச்சிக்கு,

படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாம் சொந்தக்காரர்கள் இல்லை. மில்லில் சேர்ந்த முதல் வாரமே, "எங்க அண்ணனுக்கு ஒன்னையத்தான் கட்டி வைக்கப் போறேன்" என்று சொல்லி, அன்றிலிருந்து என்னை மைனி என்று கூப்பிட ஆரம்பித்தவள் நீ. உன் அண்ணன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போன பிறகும் அந்தப் பேச்சை நாம் விடவில்லை. நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் உன்னை வேறு எப்படிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

நம் மெஷின் இன்னும் ஓடுகிறது. இரண்டு பீரோ அகலத்துக்கு அதே கம்ப்யூட்டர் ரூமில் நிற்கிறது. மற்ற மில்களில் மேசை மேல் வைக்கிற சின்னக் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. நம் முதலாளி மட்டும், ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்கிறார். சாயங்காலம் அணைப்பதும் காலை ஆறு மணிக்கு எழுப்புவதும் இப்போது நான் ஒருத்திதான்.

அதை எழுப்புவது எவ்வளவு பாடு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூங்கி எழுந்தால் தான் யார் என்றே அதற்கு ஞாபகம் இருக்காது. டிஸ்க்கைப் போய்ப் படி என்பதைக்கூட, முகப்பில் இருக்கிற பதினாறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, எண் எண்ணாக நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நீ "மேல, கீழ, கீழ" என்று வாய்க்குள் பாடிக்கொண்டே தள்ளுவாய். தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக் கட்டை அடுக்கிப் பழகிய விரல் உனக்கு, எண்ணுவதற்குள் முடிந்துவிடும். நான் தள்ளினால் ஏதாவது ஒரு சுவிட்ச் பிசகி, முகப்பு விளக்கெல்லாம் அப்படியே விறைத்து நிற்கும். மறுபடி முதலிலிருந்து. நீ சிரிப்பாய்.

எல்லாம் சரியாக இருந்தால் டிஸ்க் உறுமும், திரையில் எழுத்து வரும். அது இரண்டே கேள்வி கேட்கும். இன்றைக்கு என்ன தேதி? நீ யார்? பதில் சொன்னதும் நம் பெயரையும் மணியையும் ஒரு வரியாகக் குறித்துக்கொள்ளும். நமக்கு வேறு வருகைப் பதிவு கிடையாது, அந்த வரிதான். பிறகு அன்றைக்கு யாருக்கு வேலை, யாருக்கு லீவு என்கிற ஷிப்ட் பட்டியலை அச்சடித்துத் தரும். அதற்கு முகம் தெரியாது என்பதைக் கண்டுபிடித்தவள் நீயா நானா? உனக்கு அவசரம் என்றால் நான் வந்து பேச்சி என்று அடிப்பேன். எனக்கு அவசரம் என்றால் நீ வந்து சண்முகம் என்று அடிப்பாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துக்கொண்டே இருக்கிறேன் பார்.

தொண்ணூற்றொன்பது முடிந்து இரண்டாயிரம் பிறந்த அன்று மெஷின் தேதியை வாங்கிக்கொள்ளவில்லை. மதுரையிலிருந்து வந்த எஞ்சினியர், "அதுக்கு 99க்கு மேல எண்ணத் தெரியாதும்மா. கிழமை ஒத்துப்போற பழைய வருஷம் ஒண்ணைப் போடுங்க, ஷிப்ட் பட்டியல் சரியா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வருஷா வருஷம் பழைய காலண்டர்களைத் தேடி எடுத்துக் கிழமை பார்க்கிறோம். இந்த 2003க்கு 86ம் பொருந்தியது, 97ம் பொருந்தியது. மேனேஜர் எதை வேண்டுமானாலும் போடச் சொன்னார்.

நான் 97 போட்டேன். நீ உயிரோடு இருந்த வருஷம் அது. அவ்வளவுதான் காரணம்.

போட்ட முதல் நாளே, தேதியை அடித்ததும், அந்தத் தேதியில் ஏற்கெனவே இருக்கிற வரியை மெஷின் திரையில் காட்டியது. பேச்சி, ஆறு ஐந்து. அதன் கீழே, நீ யார் என்று என்னைக் கேட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உன் முறை வரும் அல்லவா, அந்த நாட்களில் நான் போவதற்கு முன்பே நீ வந்திருந்தாய். பொங்கல் கழிந்து நீ தாமதமாக வந்த நாள்கூட இருந்தது, ஆறு நாற்பது. கதவு திறக்கிற சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கத் தோன்றும். பயமா, ஆசையா என்று கேட்டால் என்ன சொல்வேன்?

ஆனால் ஐப்பசி வரும் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை உனக்கு லீவு, என் முறை. முந்தின நாள் கழுகுமலையில் அத்தை வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "நீ போய்ட்டு வா மைனி, நான் கிளப்பி விட்டுட்டு, பட்டியல எடுத்துக் கொடுத்துட்டு வாரேன். ஒம்பது மணிக்கு வந்து உக்காந்துக்கோ" என்றாய். வந்தாய், என் பெயரை அடித்தாய், பட்டியலை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் திரும்பினாய். இரவு மழை. கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும் என்று காட்டுப் பாதையை விட்டு மெயின் ரோட்டில் போனாய். எட்டயபுரம் ரோட்டில் லாரி.

நான் ஒன்பது மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

மில்லில், அன்றைக்குப் பேச்சி வேலைக்கே வரவில்லை என்றார்கள். மெஷின் அப்படித்தான் சொன்னது. உன்னை உள்ளே விட்ட வாட்ச்மேன் தன் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். "ஏட்டி சம்முவம், எம் பிள்ளைக்கு அன்னைக்கு லீவுன்னுல்லா சொல்லுதாவ? விடிஞ்சும் விடியாம அவ எங்க போய்ட்டு வந்தா? ஒனக்காவது தெரியுமா?"

"தெரியலம்மா" என்றேன்.

ஆள் மாறாட்டம் தெரிந்தால் வேலை போய்விடும் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு நாளில் உங்கள் தெருவே பேச ஆரம்பித்துவிட்டது. லீவு நாளில், விடியக்காலம், ஒரு குமரிப்பிள்ளை எங்கே போயிருப்பாள்? யாரைப் பார்க்கப் போயிருப்பாள்? உன் தங்கச்சி வள்ளிக்கு வந்த சம்பந்தம் இரண்டு முறை இதைக் கேட்டுத் தட்டிப்போனது. என்னைப் பார்க்க வந்தவர்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அதுவும் உனக்குத் தெரியாது. பிறகு எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது, பிள்ளையும் இருக்கிறது. வள்ளி இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

போன வாரம் அந்தச் செவ்வாய்க்கிழமை திரும்ப வந்தது. சுவிட்சையெல்லாம் ஒழுங்காகத் தள்ளினேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. தேதி கேட்டதும் பாதி அடித்து அழித்தேன். கடைசியில் மறுநாள் தேதியை அடித்து, உன் நாளைத் தாண்டிவிட்டேன். அச்சாகி வந்த பட்டியலைக் கிழித்தெடுத்துக் கேட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

கால் மணி நேரத்தில் நூல் செக்சன் மாரியம்மா வந்து ஜன்னலைத் தட்டினாள். "ஏட்டி சம்முவம், இன்னைக்கு எனக்கு லீவாம். வாட்ச்மேன் உள்ள விட மாட்டேங்காரு. நாளைக்கில்லா எனக்கு லீவு! கிறுக்குப் பிடிச்சது ஒனக்கா, மெஷினுக்கா?" அவளுக்குப் பின்னால் கேட்டில் இருபது பேர் சத்தம் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

வேறு வழியில்லை. மெஷினை அணைத்து மறுபடி எழுப்பினேன். சரியான தேதியை அடித்தேன். சண்முகம், ஐந்து ஐம்பது என்று வந்தது.

நான் கழுகுமலையில் தூங்கிக்கொண்டிருந்த நேரம் அது. எனக்குத் தெரியாததா? இருந்தாலும் என் பெயரை அங்கே பார்த்தபோது, செத்தது நான்தான் என்பது போலவும், நீ எங்கேயோ லீவில் இருப்பது போலவும் ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. மைனி, நீ அங்கே இருந்ததற்கு இந்த உலகத்தில் ஒரு வரிகூட இல்லை. கொஞ்சம் முந்திப் போய்விடலாம் என்று பத்து நிமிஷம் முன்னதாகவே வந்திருக்கிறாய், அதையும் என் கணக்கில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நீ யார் என்று மெஷின் கேட்டது. சண்முகம் என்று அடித்தேன். உன் பெயரை அடிக்கத்தான் கை போனது. ஆனால் இன்னொரு பொய் எதற்கு?

வருகிற ஞாயிற்றுக்கிழமை வள்ளியைப் பார்க்க விளாத்திகுளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களாம், மாரியம்மாதான் சொன்னாள். சனிக்கிழமையே நான் உங்கள் ஊருக்குப் போகிறேன். நடந்ததையெல்லாம் மேனேஜரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "ஆறு வருசம் கழிச்சு இது எதுக்கும்மா இப்ப?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார். வேலை போனால் போகட்டும்.

உன் அம்மா என்னைத் திட்டலாம், செருப்பைக் கழற்றலாம். வாசலில் நின்றே சொல்வேன், தெருவுக்குக் கேட்கிற மாதிரி. பேச்சி அன்றைக்கு எனக்காக வேலைக்கு வந்தாள், வேலை முடித்து வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தாள் என்று சொல்வேன். கேட்டவர்கள் போய்விட்டால், வராதவர்களுக்கு மறுபடியும் சொல்வேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

இப்படிக்கு,
அன்று வேலைக்கு வராத உன் மைனி,
சண்முகத்தாய்